தொங்கும் வயர்

சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியின் முன்னால் இருந்த # குறியை அழித்தாள். அந்தக் குறி இருக்கும்வரை சர்வர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அடுத்த வரியிலும் அழித்தாள். சேமித்துவிட்டு, நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் சேவையை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். இனி மற்ற இயந்திரங்கள் சொல்வதை இந்த சர்வர் 514ஆம் போர்ட் என்ற வாசலில் காது கொடுத்துக் கேட்கும். கேட்க வேண்டும்.

பக்கத்துக் கணினியிலிருந்து சோதனைக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "சாப்பிட்டாச்சா?"

சர்வரின் திரையில் ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, ஏதாவது சொல்லுதா?" என்றார் வாசலில் நின்ற மேனேஜர்.

"காதுலயே வாங்க மாட்டேங்குது சார்."

"எங்க வீட்டுப் பசங்க மாதிரியா?" சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில வெளிக் கம்பெனிக்காரர் வர்றார். பேக்கிங்ல நெட்வொர்க் ஏன் போகுதுன்னு அதுக்குள்ள தெரியலேன்னா நெட்வொர்க் வேலைய அவங்களுக்கே விட்டுட்டு, உங்கள மறுபடியும் ரிசப்ஷன்ல போடச் சொல்லிட்டார் முதலாளி. உட்கார்ந்து பாக்கற வேலைதானே."

"இப்ப என்ன, நின்னுக்கிட்டா பாக்கறேன்?"

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் அவள் சேர்ந்ததே ரிசப்ஷனில்தான். டெலிபோன் எடுப்பாள். வயர் இழுக்க வந்த ஆளின் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அடுத்த முறை அவர் வரவில்லை, இவளே ஏறினாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் வயரம்மா. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைத்திருந்த அறையில் சர்வரோடு சேர்ந்து அவளுக்கும் இடம் கிடைத்தது. மின்விசிறி சர்வருக்கு. அவளுக்கு அதன் மிச்சம்.

கொஞ்ச நாளாக மதியம் ஷிப்ட் மாறும்போதெல்லாம் பேக்கிங் பிரிவில் நெட்வொர்க் செத்துப்போகிறது. லேபிள் அச்சாகாது. பெட்டிகள் குவியும். யாராவது ஓடிப்போய் அங்குள்ள ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போடுவார்கள். நெட்வொர்க் வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டி அது. சற்று நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் அணைத்ததும் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோகும். என்ன நடந்தது என்று கேட்டால் பச்சைக் குழந்தை போல விளக்கைச் சிமிட்டும். அதனால்தான் அது சொல்வதை அவ்வப்போதே வேறொரு இடத்தில் வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

மேனேஜர் போனதும் தலையில் அடித்துக்கொண்டாள். சர்வரின் ஃபயர்வாலில் சந்து பொந்து விடாமல் அடைத்தவள் அவளேதான். 514க்கு மட்டும் வழி விட்டாள். மறுபடி அனுப்பினாள். "சாப்பிட்டாச்சா?" திரையில் வந்து நின்றது. பேக்கிங் ஸ்விட்ச் பெட்டிக்கு சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஷிப்ட் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் வரிகள் வந்தன. ஒரே முகவரி ஏழாம் ஓட்டையிலும் எட்டாம் ஓட்டையிலும் மாறி மாறித் தெரிகிறது என்று பெட்டி புலம்பியது. திரும்பத் திரும்ப அதையே. பிறகு பேச்சே இல்லை.

டெலிபோன் அடித்தது. பேக்கிங் சூப்பர்வைசர். அவள் கணவனின் அக்கா.

"ஏம்மா வயரம்மா, போச்சு! இன்னைக்கும் போச்சு! என்னதான் வேல பாக்கற நீ?"

"அண்ணி, பெட்டிய யாரும் தொடாம பாத்துக்குங்க. இதோ வர்றேன்."

"தொடாம? சுத்தி நின்னு வேடிக்கை பாக்கவா?"

அண்ணி அப்படித்தான். கலைந்து கிடப்பது எதுவும் அவருக்கு ஆகாது. அவர் வந்துபோன பிறகு வீட்டில் கத்தரிக்கோல் கிடைக்காது. அது வைக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

வழியில் மேனேஜரும் சேர்ந்துகொண்டார். சுவரில் ஸ்விட்ச் பெட்டி. ஏழாம் ஓட்டையிலிருந்து ஒரு நீல வயர் கிளம்பி, வளைந்து, எட்டாம் ஓட்டைக்குள் போயிருந்தது.

"ஒரே வயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில சார். உள்ள வந்த செய்தி வெளிய போக வழியில்லாம சுத்திக்கிட்டே இருக்கும். வேற எதுக்கும் இடம் இருக்காது." முனையை உருவினாள். "யாரு இத சொருகினது?"

"நான்தான்." அண்ணி பெருமையாகவே சொன்னார். "ஸ்டாக் எடுக்கறவர் லேப்டாப்பக் கழட்டிட்டு டீ குடிக்கப் போயிடறார். வயர் தொங்குது. யார் கால்லயாவது மாட்டினா? பக்கத்துலயே காலி ஓட்டை வேற."

"தினமுமா சொருகறீங்க?"

"பின்ன? ஒரு நாள் விடுவேனா?"

"அவர் டீ குடிச்சிட்டு வந்து உருவற வரைக்கும் நெட்வொர்க் இல்ல. அணைச்சுப் போட்டதால சரியாச்சுன்னு நாம நினைச்சுக்கிட்டோம்."

மேனேஜருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்ப இவங்கள ரிசப்ஷனுக்கு அனுப்பற அளவுக்கு தினமும் எனக்கு போன் பண்ணித் திட்டினது?"

"அதுவும் நான்தான்." அண்ணியின் குரல் இறங்கியது. வயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதுக்காகவா சார் இவள ரிசப்ஷனுக்கு அனுப்பறீங்க? வேணும்னா நான் போறேன். அந்த மேசையையும் யாரும் ஒழுங்கா வைக்கறதில்ல."

பெட்டி அடுக்குகிறவர்கள் வரை சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. உண்மையாகவே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை வெளிக் கம்பெனிக்காரர் வந்தார். மேனேஜர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, காரணம் தெரிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். எட்டாம் ஓட்டைக்கு அவள் ஒரு ரப்பர் மூடி போட்டாள். அண்ணி சுவரில் கொக்கி அடித்து நீல வயரைச் சுருட்டி மாட்டினார். மதியம் ஷிப்ட் மாறியது. லேபிள்கள் அச்சாயின. மாவு பிசையும் பிரிவின் பெட்டிக்கும் அவள் சர்வர் முகவரியைக் கொடுத்தாள். செய்தி வரவில்லை. முகவரியில் ஓர் எண் தவறு. திருத்தினாள்.