நடிகருக்குப் பதினாறு நாள்

சினிமா நடிகர் இறந்துபோனால் ரசிகனுக்குத் தீட்டு உண்டா? இரண்டு வாரமாக இந்தக் கேள்வியோடு திரிகிறேன். கோயில் குருக்களிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா மா?" என்றார். குழந்தை இரண்டு முறை தும்மினால் இருபது நோய்ப் பெயர் சொல்லும் இணையமும் இதற்கு வாய் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். என் மகளுக்குப் பதினோரு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை காது குத்து என்று முடிவாகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் ஒரு வயதுக்குள் ஒற்றைப்படை மாதம்தான். பதினொன்றில் வேறு நல்ல நாள் இல்லை; அதை விட்டால் மூன்றாம் வயதுவரை காத்திருக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன்: ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் என் அண்ணன். செவ்வாய்க்கிழமை அவனிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை நான் வர முடியாது. தீட்டு."

"யாருண்ணே?"

"யாருன்னு கேக்குற. நியூஸ் பாக்கலியா? நம்ம ஆளு லா."

நம்ம ஆள் கதாநாயகன் இல்லை. கதாநாயகனுக்கு அப்பாவாக, அண்ணனாக, குடிகாரப் போலீஸ்காரராக வருவார். எல்லாரையும்விட நன்றாக நடித்துவிட்டு, இடைவேளைக்குப் பிறகு செத்துப்போவார். அவர் செத்து நான் பார்த்ததே முப்பது நாற்பது தடவை இருக்கும். அதனால் நிஜச் சாவு வந்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இப்படி எழுதுவது பாவமோ என்றும் இருக்கிறது. இருக்கட்டும்.

அவருக்கு ஈப்போவில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. என் அண்ணன்தான் தலைவர். மொத்தம் ஏழு பேர். அதில் இரண்டு பேர் கேரம் போர்டுக்காக வந்தவர்கள். ஒரு கலைநிகழ்ச்சிக்காக நடிகர் ஈப்போவுக்கு வந்தபோது ஏழு பேரும் ஹோட்டல் வாசலில் மாலையோடு நின்றார்கள். பன்னீர்ச் சொம்பு என் கையில். மூன்று மணி நேரம் கழித்து வேன் வந்தது. இறங்கியவர் மாலையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்து, "தம்பி, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார். அண்ணன் ஓடிப்போய் வழி காட்டினான். எங்கள் குடும்பத்துக்கும் தமிழ்த் திரையுலகுக்கும் உள்ள மொத்த உறவு அவ்வளவுதான். வருஷத்துக்கு வருஷம் அந்தச் சந்திப்பு நீண்டுகொண்டே போய், போன தீபாவளிக்கு அண்ணன் சொன்னபோது இருவரும் குடும்ப விஷயமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் மகளுக்கு இப்போது இரண்டு பல். அதற்கு ஸ்ட்ராபெரி வாசனையில் ஒரு பற்பசை வாங்கி, விழுங்கினால் என்ன ஆகும் என்று பயந்து, திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன். எங்கள் காலத்துப் பற்பசைக்குப் புதினா வாசனை. அதைப் பல்லில் தேய்த்ததைவிடச் சிடியில் தேய்த்ததுதான் அதிகம். அப்போது ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கும் படத்துக்கு இரண்டு சிடி. இரண்டாவது எப்போதும் கீறியிருக்கும். பதினாறு வயது அண்ணன் விரலில் பற்பசை எடுத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து, பழைய பனியனால் துடைத்துப் போடுவான். நடிகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். மிச்சத்தை அண்ணன் நடித்துக் காட்டுவான். அவன் கதையில் நடிகர் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்து, குடிக்க மைலோ கேட்பார். பல வருஷம் கழித்து, தாப்பாவில் ஒரு தோழி வீட்டில் அதே படத்தை முழுதாகப் பார்த்தேன். "இருங்க, இப்ப எந்திரிச்சிடுவாரு" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் கொள்ளி வைத்தார்கள்.

சரி, தீட்டுக்கு வருகிறேன். என் கணவர் வீட்டார் யாழ்ப்பாண வழி வந்தவர்கள். மாமி, அதாவது என் மாமியார், ஓய்வு பெற்ற ஆசிரியை. அவரிடம் சொல்ல மூன்று முறை கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன்.

"மாமி, அண்ணனுக்கு வேண்டியவங்க ஒருத்தர் தவறிட்டாங்க."

"ஆர்?"

சொன்னேன். மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துடக்கெண்டால் எங்கட ஆக்களுக்கு முப்பத்தொரு நாள், பிள்ளை. பதினாறோட எழும்ப வேண்டாமெண்டு அண்ணனிட்டச் சொல்லுங்கோ."

என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்விட்டார். திரும்பி வந்து, தன் பெரியப்பா மகனை மடிக்கு ஏற்பாடு செய்யலாம் என்றார். "அவரு சித்தப்பா முறை" என்றேன். "ஒரு நாளைக்குத்தானே?" என்றார்.

சனிக்கிழமை காலையில் சண்டை போடுவதற்கென்றே ஜெலாப்பாங் போனேன். அண்ணன் மொட்டைத் தலையோடு பாயில் உட்கார்ந்திருந்தான். சுவரோரம் நடிகர் படம், மாலை, விளக்கு.

"உனக்கு வெக்கமா இல்லியாண்ணே? அந்தாளுக்கு உன் பேரு கூடத் தெரியாது."

"கையப் பிடிச்சாரு லா."

"பாத்ரூம் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அண்ணி அடுப்படியிலிருந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே, "பதினாறு நாள் இருக்கணும் பாப்பா. ஒரு தடவையாச்சும் முழுசா இருக்கணும்" என்றான்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது சிடி நின்று நின்று போன அந்த வருஷம்தான் அப்பா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் எழுந்து உட்காரவில்லை. வீடு தோட்டத்து வீடு. யாராவது வேலைக்குப் பேர் கொடுத்தால்தான் இருக்கலாம். அம்மாவால் அப்போது எழுந்து நடக்கவே முடியவில்லை. அப்பா போன நாலாம் நாள் காலையில் அண்ணன் மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டு வேலைக்குப் போனான். பதினாறாம் நாளும் வேலையில்தான் இருந்தான். அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் படித்தேன்.

காருக்குள் உட்கார்ந்து, காது குத்தும் பத்தரைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு மூன்று வயதாகட்டும் என்று சொல்லிவிட்டேன். மாமியிடம் சொன்னபோது, "அதுவும் சரிதான். தாய்மாமன் இல்லாமல் என்ன காதுகுத்து" என்றார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான்தான் இல்லாத முடிச்சைப் போடுகிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. அண்ணன் உண்மையிலேயே அந்த நடிகருக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறானோ என்னவோ.

தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. நாங்கள் இருந்த வீட்டு வரிசை எங்கே இருந்தது என்று அண்ணனாலேயே காட்ட முடியவில்லை. பசார் மாலாமில் சிடி விற்ற இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மன்றத்து ஏழு பேரில் அண்ணனைச் சேர்த்து நாலு பேர் இருக்கிறார்கள். மற்ற மூவரும் வாட்ஸ்அப்பில் மெழுகுவர்த்திப் படம் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நாளை மறுநாள் பதினாறு. அண்ணன் சாப்பாடு போடுகிறான், பாயசம் என் பொறுப்பு. அப்பாவுக்கு இருப்பது ஒரே படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கி என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். அதையும் எடுத்துப்போய் அந்த நடிகர் பக்கத்தில் வைக்கட்டுமா? அண்ணனிடம் கேட்டுவிட்டு எடுத்துப்போவதா, கேட்காமலே வைத்துவிடுவதா? உங்கள் வீடுகளில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள். பூசை காலை பத்து மணிக்கு. நான் எட்டரைக்குக் கிளம்பிவிடுவேன்.