நண்டு இல்லாத இருபத்தொரு நாள்

அசையாமல் உட்காருவது மதுமதிக்குச் சமீபத்தில் வந்த பழக்கம். அடையாறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றில், பிவிசி குழாயால் செய்த சதுரச் சட்டத்தை வைத்துவிட்டு, நிழல் அதன்மேல் விழாதபடி பத்து நிமிடம் உட்கார வேண்டும். காலடிக்குப் பயந்து வளைக்குள் ஓடிய நண்டுகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிறகு எண்ணலாம். ஆரம்பத்தில் மூன்றாவது நிமிடமே அவளுக்குக் கால் அரிக்கும். இப்போது எறும்பு கடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எம்.எஸ்ஸி. ஆய்வு. தண்ணீர் வடியும் நேரம் பார்த்து நூறு நாள் எண்ண வேண்டும். தொண்ணூறுக்குக் குறைந்தால் செல்லாது. நடுவில் அவள் அப்பா முத்துகிருஷ்ணன், தி.நகரில் தான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், பிரித்துக் காட்டிய புடவையை மடிக்கும்போது சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து, ஆறாம் நாள் விடியலில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மதுமதி மேற்கு மாம்பலத்தில் பஸ் ஏறிச் சேற்றுக்கு வந்துவிட்டாள். பெண் இன்னும் அழவில்லையே என்று அத்தைதான் புலம்பிக்கொண்டிருந்தாள்.

இன்று நூறாவது நாள். நடுவில் விட்ட நாட்களை அவள் கழித்துப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, அட்டெண்டன்ஸ் எடுத்துட்டியா?" ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் சொர்ணம் கூடையைக் கழுவ வந்திருந்தாள்.

"பதினேழுக்கா."

"ஒண்ணுகூட லீவு போடலியா? உங்க காலேஜ விட இது தேவல."

போன் அதிர்ந்தது. பேராசிரியர் பத்ரிநாராயணன் வரைபடம் ஒன்றை அனுப்பியிருந்தார். நீலக்கோடு ஜனவரியில் தொப்பென்று கீழே விழுந்து, தரையோடு தரையாகப் போய், மறுபடி எழுந்தது. 'இருபத்தொரு நாள் நண்டே இல்லை! ஆற்றில் ஏதோ கலந்திருக்கிறது. நாளை கருத்தரங்கில் இதுதான் முக்கியம்.'

மதுமதி தேதிகளைப் பார்த்தாள்.

"அக்கா, பொங்கல் கழிச்சு மூணு வாரம் இங்க நண்டு இல்லையா?"

"யார்றி சொன்னது? நீ வராத நாளெல்லாம் கால் வெக்க எடமில்ல. அம்மாம் நண்டு."

அவளுடைய குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவன் வகுப்புத் தோழன் அஸ்வத். கூப்பிட்டாள்.

"அந்தத் தேதிக் கட்டமெல்லாம் காலியா இருந்துச்சு. ஜீரோ போட்டேன்," என்றான்.

"ஜீரோன்னா போய்ப் பாத்தோம், இல்லன்னு அர்த்தம்டா. நான் போகவேயில்ல."

"தெரியும் மச்சி. எடுத்துட்டா எழுபத்தொம்பதுதான் வரும். உன் செமஸ்டர் காலி. விடு, நண்டு வந்து சாட்சியா சொல்லப்போவுது?"

"சரி," என்று போனை வைத்தாள். எதற்குச் சரி என்று அவனும் கேட்கவில்லை.

கரையில் கவிழ்த்திருந்த படகில் சாய்ந்து, போனிலேயே பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு பூஜ்யமாக அழித்து, எண்ணவில்லை என்று காட்டும் கோடு போட்டாள். கோடு போட்டால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அது வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான விதி. முதல் ஐந்து வரிசையில் 'ஆஸ்பத்திரி' என்று எழுதினாள். ஆறாவதில் விரல் நின்றது. அன்று எல்லோருக்கும் போன் பண்ணியது அத்தை. மதுமதியின் வாயிலிருந்து அந்தச் செய்தி ஒருவருக்கும் போகவில்லை. 'அப்பா இறந்தார்' என்று எழுதினாள். ஏதாவது நடக்கும் என்று சற்றுக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மீதிப் பதினைந்து வரிசைக்கும் 'வரவில்லை' என்று போட்டு, பேராசிரியருக்கு அனுப்பினாள்.

பதில் வரக் கால் மணி நேரமானது. 'நாளைய கருத்தரங்கிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுகிறேன். எழுபத்தொன்பது செல்லாது. ஜூலையில் முதலிலிருந்து ஆரம்பி.' கொஞ்சம் கழித்து இன்னொன்று: 'அப்பா விஷயம் எனக்குத் தெரியாதும்மா.'

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. சட்டத்தைக் கழுவித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வருவியா?" என்றாள் சொர்ணம்.

"ஜூலைலக்கா."

"அதுவரைக்கும் இதுங்கள யாரு மேய்க்கிறது?"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சைதாப்பேட்டை தாண்டும்போது எறும்பு கடித்த இடம் அரித்தது. குனிந்து சொறிந்தாள். இறங்கும்வரை சொறிந்துகொண்டே இருந்தாள்.