கல்லில் இருந்த தேதி

நான்கு வருடங்களுக்கு முன், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஓர் ஆகஸ்ட் மாதத்தில், பந்தலூரில் நடந்தது இது.

தேதிகளைக் குறித்து வைப்பது என் பழக்கம். அப்போது எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் ஒருவரின் அரசியல் வாழ்க்கையை நாள்வாரியாக எழுதிக்கொண்டிருந்தேன். எப்போது முதலில் ஜெயித்தார், எப்போது அமைச்சரானார், எந்தப் பாலத்தையும் பள்ளியையும் திறந்தார், எப்போது தோற்று ஒதுங்கினார் என்று எல்லாம் என் நோட்டில் இருந்தது. பாதித் தேதிகளைத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் இருந்துதான் எடுத்திருந்தேன்.

இதைக் கேள்விப்பட்டு ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறு வயதில் வந்தவர். தேயிலைக் கொழுந்து பறித்தே காலம் கழித்தவர். அவர் குடியிருந்த வீட்டு வரிசையில் பட்டா காட்டாதவர்களை ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் சேர்க்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. மாதக் கடைசி வரைதான் கெடு. அவருடைய பட்டா, ஓட்டு ஒழுக்கில் நனைந்து கூழாகிவிட்டது. நகல் வேண்டுமென்றால், பட்டா வழங்கிய தேதியைச் சொன்னால்தான் பதிவேட்டில் தேட முடியும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"அமைச்சரய்யா கையாலதான் வாங்கினேன். தேதிதான் ஞாபகம் இல்ல" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. நோட்டைப் புரட்டி, பட்டா வழங்கும் விழாவுக்காக அந்தக் குடியிருப்பில் நட்ட கல்வெட்டின் தேதியைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"கல்லு வச்ச அன்னைக்கு இல்லீங்கய்யா. பொறவு ஒரு நாளுதான் குடுத்தாங்க."

"மனுசங்களுக்கு ஞாபகம் மாறுங்கம்மா. கல்லு மாறாதுங்க" என்று சிரித்தபடி சொல்லி, தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம், எழுதியதைச் சரிபார்த்துக்கொள்ள ஜெகதளாவில் இருந்த முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வந்தவர் பந்தலூர் வரியில் நின்றார்.

"ஏனுங்க, இது தப்புங்க."

விடுவேனா? கல்வெட்டைப் படம் எடுத்திருந்த கைபேசியை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கல்லு போச்சுங்க. நான் போகலீங்க."

விழாவுக்கு முன்பே கல்லைச் செதுக்கி நட்டுவிட்டார்களாம். விழா அன்று வழியில் மண் சரிந்து, பாதியில் திரும்பிவிட்டார். ஆறு நாள் கழித்து, மேடையும் மைக்கும் இல்லாமல், கொழுந்து எடை போடும் கொட்டகையில் நின்று பட்டாக்களைக் கொடுத்திருக்கிறார். "ஒரு அம்மா என்னைப் புடிச்சுத் திட்டுனாங்க. மழையில நாள் பூரா நின்னோம், வரலைன்னு சொல்ல ஒரு ஆளை அனுப்பக் கூடாதான்னு."

பட்டா நகலுக்காக என்னைத் தேடி வந்த அம்மாவுக்கு நான் தேதி சொன்ன கதையை அவரிடம் சொன்னேன். அங்கிருந்தே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் கொடுத்த தேதியோடு இரண்டு முறை போயிருக்கிறார். பதிவே இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். கெடு முடிய நான்கு நாள்தான் இருந்தது.

முன்னாள் அமைச்சர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய பயண டைரிகளை இறக்கித் தேடி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். "தேதியை மாத்தச் சொல்லியிருக்கோணும். கல்லுல பேர் இருக்குதுல்ல, போதும்னு விட்டுட்டேன். தப்பு எம்மேலயும் இருக்குதுங்க" என்றார்.

பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று நினைத்தேன். அவரோ, திருப்பிய மனுவைத் திரும்ப எடுக்க ஆள் நேரில் போனால்தான் நடக்கும் என்று கிளம்பிவிட்டார். மறுநாள் டைரியைப் பையில் வைத்துக்கொண்டு, ஊட்டியிலும் கூடலூரிலும் பஸ் மாறி வந்து சேர்ந்தார். அலுவலகத்தில் இருந்த இளம் ஊழியர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. மனு கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மா உள்ளே வந்ததும் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, அன்னைக்கு என்னை அந்தப் பேச்சுப் பேசுனது நீங்கதானுங்களே?"

"நானேதான். இன்னைக்காச்சும் சொன்ன நேரத்துக்கு வந்தீங்களே!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முன்னாள் அமைச்சர் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

டைரியில் இருந்த தேதியைச் சொன்னதும் பதிவேட்டை எடுத்தார்கள். இரண்டாவது பக்கத்திலேயே அந்த அம்மாவின் பெயரும் கைநாட்டும் இருந்தன. மாலைக்குள் நகல் கிடைத்தது. வாசலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் அப்பவே சொன்னேனேய்யா" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனாலும், தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அமைச்சராக இருந்தபோது அவர் திறந்தவை என் நோட்டில் பல பக்கங்களுக்கு வருகின்றன; ஆனால் அவரைப் பற்றி யாராவது கேட்டால், பதவியும் காரும் இல்லாமல் மூன்று பஸ் ஏறி வந்து பெஞ்சில் காத்திருந்த அந்த நாளைத்தான் முதலில் சொல்கிறேன், கையில் பட்டா வாங்கியவரின் பேச்சை நம்பாமல் அவரை இரண்டு முறை வீணாக அலையவிட்டவன் நான் என்பதையும் சேர்த்து.