சங்கக் கணினியில் லினக்ஸ் புகுந்த விதம்

1. உரிமம் முடிந்தது

அன்று காலை பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குள் நான் நுழைந்தபோது, டிசைனர் குமுதா கணினித் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உரிமம் காலாவதியாகிவிட்டது என்று திரையில் ஓர் அறிவிப்பு. புடவைக் கரைகளுக்கு வடிவம் வரைய நாங்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த மென்பொருள் அது. முகூர்த்த மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. புதுக் கரை வராமல் தறிகள் சும்மா நின்றன.

"நான் வரைஞ்ச யானைக் கரைய நானே தொறக்க முடியலை சார். யாரு வூட்டு சாமான் இது?" என்றார் குமுதா.

ஓய்வு பெறும்வரை அரசுத் துறை ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்தவன் நான். இவ்வளவு தெளிவான கேள்வியை எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து இந்தச் சங்கத்துக்கு ஆலோசகராக வந்து போய்க்கொண்டிருந்தேன். ஆலோசகர் என்பது, சொல்வதைக் கேட்கும் கட்டாயம் யாருக்கும் இல்லாத பதவி.

மதியமே அந்த மென்பொருள் நிறுவனத்தின் பிரதிநிதி வந்துவிட்டார். புதிய பதிப்பை வாங்கினால் எல்லாம் திறக்குமாம். ஆனால் இனி வடிவங்கள் எங்கள் கணினியில் இருக்காது, அவர்களுடைய சர்வரில் இருக்கும். ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. சேவையை மேம்படுத்துவதற்காக எங்கள் வடிவங்களை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது.

புதுக் கரை ஒன்று வெளியே கசிந்தால் விசைத்தறிக்காரர்கள் அதை மலிவாக ஓட்டிவிடுவார்கள். பிறகு எங்கள் கைத்தறிப் புடவையைக் கடையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குமுதா வருடக்கணக்கில் வரைந்ததெல்லாம் அந்தப் பத்திக்குள் போய்விடும்.

"எல்லா சங்கத்துலயும் கையெழுத்துப் போட்டுக்கினுதான் இருக்காங்க. நீங்க மட்டும் ஏன் சார் பூதக்கண்ணாடி வெச்சுப் படிக்கிறீங்க?" என்றார் சங்கத் தலைவர். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியை நன்றாகப் படிப்பார், காகிதத்தைப் படிக்கமாட்டார்.

"அடுத்த கமிட்டிக் கூட்டம் வரைக்கும் டைம் குடுங்க தலைவரே. வடிவத்தைத் தறிக்கு அனுப்பற புரோகிராம் ஒண்ணு நானே எழுதித் தர்றேன்."

"எழுதுங்க. தறி ஓடலைன்னா அன்னிக்கே நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

2. கருவிகள்

குமுதாவின் பழைய கணினியில், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். கணக்காளர் வாசலில் வந்து நின்றார். "கமிட்டி அப்ரூவல் இல்லாம புது சாஃப்ட்வேர் போடலாமா சார்?"

கொள்முதல் விதிகள் எனக்கு மனப்பாடம். "வாங்கினாத்தான் அப்ரூவல். சும்மா கெடைச்சதுக்கு டெண்டர் விடணும்னு ஒரு ரூல் இருந்தா காட்டுங்க, விடறேன்" என்றேன். அவர் தேடப் போனார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

லினக்ஸில் கருவிக்குப் பஞ்சமில்லை, தேர்ந்தெடுப்பதுதான் வேலை. இணையத்தில் கேட்டால் ஆளுக்கொரு மதம். எனக்குப் பழகிய நிரல்மொழி சி. அதில் எழுதினால் வேகமாக ஓடும், எனக்குப் பிறகு சங்கத்தில் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். பைத்தான் மெதுவானது என்கிறார்கள். கைத்தறியைவிடவா மெது? பைத்தானையே எடுத்தேன்.

நிரலைத் தட்டச்சு செய்யும் எடிட்டர் விஷயத்திலும் அப்படித்தான். என் விரல்களுக்கு விம் பழக்கம். குமுதாவை அதன் முன்னால் உட்கார வைத்தேன். உள்ளே போனவர் வெளியே வர வழி தெரியாமல் மின்சாரத்தை அணைத்துவிட்டார். எல்லா வசதியும் உள்ளது என்று எல்லாரும் புகழும் ஐ.டி.இ. என்ற பெரிய எடிட்டர் ஒன்றைத் திறந்தேன்; அந்தப் பழைய கணினி மூச்சுவிட மறந்தது. கடைசியில் ஜீனி. சின்ன எடிட்டர், சட்டென்று திறக்கும், ஒரு பொத்தானை அழுத்தினால் நிரல் ஓடும். நிரலுக்குள் ஒவ்வொரு படிக்கும் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதி வைத்தேன்.

வரைவதற்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருள். அதில் வரைந்த படத்தைத் தறி நெய்யும் வரிசைகளாக அடுக்கித் தருவது என் நிரலின் வேலை. எங்கள் தறிகளில் வடிவத்துக்கு ஏற்ப இழைகளைத் தூக்கும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி, பென் டிரைவில் இருக்கும் சாதாரணப் படக் கோப்பையே படிக்கும். தறிக்குப் போன பழைய பென் டிரைவ்களில் குமுதாவின் கரைகள் படமாகவே கிடைத்தன. பூட்டிய கதவை உடைக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

3. முதுகைக் காட்டிய யானை

வெள்ளோட்டத்துக்குத் தலைவரே வந்தார். தறி ஓடியது. ஒரு சாண் கரை நெய்ததும் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"நம்ம சங்கத்துல யானை முந்தியப் பார்த்துதான் சார் நடக்கும். உங்க யானை முந்திக்கு முதுகைக் காட்டிக்கினு போவுதே. இதைக் கட்டிக்கினு மணையில உக்காந்தா, பொண்ணுக்கு முன்னாடி யானை வூட்டைவுட்டு ஓடுதும்பாங்க."

தறிக்காரரும் சிரித்தார். தவறு என்னுடையதுதான். படத்தில் கரை நெட்டாக நிற்கும், யானை மேல்நோக்கி நடக்கும். கணினி அதை மேலிருந்து படிக்கும். தறியில் முதலில் விழும் குறுக்கு இழை, அதாவது முதல் ஊடை, படத்தின் கீழ் வரிசை. நான் மேல் வரிசையை முதலில் அனுப்பியிருந்தேன்.

"ஓசில வந்தது இப்படித்தான் நடக்கும். அந்தக் கம்பெனிக்காரருக்குப் போன் போடுபா" என்றார் தலைவர், கணக்காளரிடம்.

"போடுங்க" என்றேன். அதற்குள் குமுதா ஜீனியைத் திறந்திருந்தார். 'வரிசைகளைத் தறிக்கு அனுப்பு' என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதைக் கடைசிலேர்ந்து அனுப்பச் சொன்னா போதுமா சார்?"

போதும். ஒரே ஒரு சொல் சேர்த்தார். மறுபடி நெய்ததில் யானை முந்தியைப் பார்த்து நடந்தது. தலைவர் கரையை விரலால் தடவினார்.

மறுநாள் பிரதிநிதி ஒப்பந்தத்தோடு வந்தார். தலைவர் கேட்டார்: "உங்க புரோகிராம்ல யானை தப்பா நடந்தா எப்ப சரி பண்ணுவீங்க?"

"கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டுட்டா டீம் பார்த்துப்பாங்க சார்."

"எங்க பொண்ணு தொறந்து சரி பண்ணலாமா?"

"அது கம்பெனி பாலிசில இல்ல சார்."

"அப்ப எங்க கரை எங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணா" என்றார் குமுதா. பிரதிநிதி தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒப்பந்தத்தை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

அவர் போன பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க சரக்கும் ஒரு நாள் மக்கர் பண்ணும் சார்."

"பண்ணும் தலைவரே. பண்ணட்டும்."

கருவி தேடும் இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எல்லாக் கருவியும் ஒரு நாள் பழுதாகும். பழுதாகும் நாளில் அதைத் திறக்கும் உரிமை உங்கள் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். உரிமை இல்லாத கருவியை எவ்வளவு பளபளப்பாக நீட்டினாலும், கையெழுத்துப் போடப் பேனா கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டேதான் அப்படிச் சொல்வேன்.