ஹட்பே சுவரில் ஒரு புகைப்படம்

காலை 6.30. போர்ட் பிளேர் துறையைவிட்டுக் கப்பல் நகர்ந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெற்கே நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி, லிட்டில் அந்தமான் தீவின் ஹட்பேயில், ஊர்க்காரர்களே சேர்ந்து சுனாமி நினைவகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்துக்காரனான நான் அதைப் பார்க்காமல் ஊர் திரும்புவதா?

மேல்தளத்தில் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்த ராசாத்திக்கு என்னைவிடப் பரபரப்பு. நர்ஸ் வேலை, போர்ட் பிளேரில் லம்பா லைன் பகுதியில் வீடு. பிறந்தது கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அலை வந்தபோது அவளுக்கு நாலு வயது. அம்மா போய்விட்டாள். யாரோ தூக்கிக் கப்பலேற்றி, போர்ட் பிளேர் முகாமில் விட்டார்கள். அப்பா தேடிக் கண்டுபிடிக்க மூன்று மாதமானது. அதுவரை ஒரு பெங்காலி அம்மாள்தான் சோறூட்டினாராம். பேர் தெரியாது. போன வாரம் தோழி ஒருத்தி அந்த நினைவகத்துப் படமொன்றை போனில் அனுப்பியிருக்கிறாள்: இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்.

"அந்தப் புள்ள நாந்தாண்ணே, பக்கா. ஆனா அவங்கள நேர்ல பாத்துட்டாத்தான் மனசு ஆறும்," என்றாள்.

பிற்பகல் 2.15. ஜெட்டியிலிருந்து ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். கதையைக் கேட்டதும் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார்.

மூன்றே அறைகள். உப்பேறிய தையல் இயந்திரம், பள்ளிக்கூட மணி, அலைக்குப் பிறகு கட்டிய முதல் படகின் துடுப்பு. கடைசி அறையில் அந்தப் படம். ராசாத்தி கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றாள். பொறுப்பாளரிடம் விசாரித்தோம். அது எங்கள் மாலதி மாஷி, அதாவது பெங்காலியில் சித்தி; அலைக்குப் பிறகு போர்ட் பிளேர் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், இப்போது சந்தையில் மீன் விற்கிறார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, போனை எடுத்தார்.

பத்தே நிமிடத்தில் மாஷி வந்து நின்றார், கையெல்லாம் மீன் செதிள். ராசாத்தி படத்திலிருந்த பிள்ளையைத் தொட்டுக் காட்டினாள். மாஷி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஹிந்தியில் கேட்டார்:

"பருப்புச் சோத்த இப்பவும் துப்புறியா?"

"துப்புறேன் மாஷி."

செதிள் கையாலேயே மாஷி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பொறுப்பாளரும் நானும் சிரித்தேவிட்டோம். அதன் பிறகுதான் அவர்கள் இருவரும் அழுதார்கள். கச்சாலிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் இவளைப் பற்றி விசாரித்ததாக மாஷி சொன்னார்.

மறுநாள் கப்பலில் நான் மட்டும் திரும்பினேன். ராசாத்தி லீவை நீட்டிவிட்டாள். எங்கள் ஊரிலும் நினைவுத்தூண் இருக்கிறது. வருடா வருடம் போய் அழுதுவிட்டு, பேசாமல் வீடு திரும்புவோம். அலையை நினைக்கக் கட்டிய ஓரிடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை.