விடை கண்டவர் அழிக்கும் பலகை

கரியும் கோவையிலையும் சேர்த்து அரைத்த பச்சை வாசம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். எழுபதுகளில், கப்பல் சங்கு ஊதினால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிய அளவுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி நின்ற எங்கள் பள்ளிக்கூடத்தில், கரும்பலகைகள் வெளிறிப்போனால் அதைத்தான் பூசுவார்கள்.

வகுப்புக் கணக்கை முதலில் முடித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவர்களை நோண்டிக்கொண்டிருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே எங்கள் கணித சேர் விறாந்தையில் ஒரு தனிப் பலகை வைத்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கொன்றை அதில் எழுதிவிடுவார். நாங்கள் அதை "மண்டையிடி" என்போம். விடை கண்டவர் எல்லோருக்கும் முன்னால் செய்துகாட்டிவிட்டுத் தன் கையாலேயே அதை அழிக்க வேண்டும், அதுவரை வேறு யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். சாரல் அடித்தால் சாக்குப் போட்டு மூடுவோம். அந்தப் பலகையால்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் கொழும்பு வரை போனது.

அதை அதிகம் அழித்தவள் சுபைதா, என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். கிண்ணியாவிலிருந்து "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவாள். என்ன மூளையப்பா அவளுக்கு! எனக்குப் பொறாமை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் வராத நாளில் எனக்குப் பள்ளிக்கூடமே பிடிக்காது.

அவளுடைய உம்மா நோயில் விழ, தம்பி தங்கைகளைப் பார்க்கவென்று வாப்பா அவளை வீட்டில் மறித்துவிட்டார். அப்போது பலகையில் கிடந்தது யாராலும் செய்ய முடியாமற்போன ஒரு மண்டையிடி. அதை மனதில் கொண்டுபோய்க் குசினிக்குள் அடுப்பூதிக்கொண்டே யோசித்திருக்கிறாள். அவளுடைய தொந்தரவு தாங்காமல் வாப்பா கடைசியில் இறங்கி வந்திருக்கிறார்: "ஒருத்தராலும் ஏலாத கணக்கெண்டு சொல்றாய். அத நீ அழிக்கிறத என்ட கண்ணால பார்த்தா, மாமியக் கூட்டி வந்து வீட்டில வெச்சிட்டு உன்னப் பள்ளிக்கு அனுப்புறன்."

ஒரு காலையில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, இதையெல்லாம் மூச்சுவிடாமல் என்னிடம் சொன்னாள். "விடையோட வந்தனான் புள்ள!" என்றாள். எனக்கு அவளை உள்ளே கூட்டிப்போக மனம் வரவில்லை.

ஏனென்றால் அன்றைக்குத்தான், கெட்டிக்காரப் பிள்ளைகளை மேலே தூக்கிவிடும் பள்ளிக்கூடமென்று எங்களுக்குக் கேடயம் தரக் கொழும்பிலிருந்து கல்வி அதிகாரிகள் வருகிறார்கள். முதல்நாள் பின்னேரம் பள்ளிக்கூட அதிபர் எல்லாப் பலகைகளுக்கும் கரி பூசச் சொல்லிவிட்டார். விறாந்தைப் பலகை மினுமினுத்தது. அதில் கலர் வெண்கட்டியால், பூவும் கொடியுமாக, "நல்வரவு."

சுபைதா அதைப் பார்த்தபடியே நின்றாள். சேர் ஓடிவந்து, "இப்பவே திரும்ப எழுதித் தாறன் பிள்ளை" என்று ஈரத்துணியை எடுத்தார். அதிபர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப வேண்டாம் மாஸ்டர், அவை வந்திட்டினம்." சேர் வாப்பாவிடம் திரும்பி, "நாளைக்கு ஒருக்கா வாங்கோ" என்று கெஞ்சினார்.

வாப்பா கோபிக்கவில்லை. "நாளைக்கு ஏலாது சேர், உம்மாக்காரி தனிய" என்றார். பிறகு அவள் தலையைத் தடவி, "வா மகள், இங்க அழிக்கிறதுக்கு ஒண்டும் இல்லயே" என்றார்.

அதிகாரிகள் எங்களை வாயாரப் புகழ்ந்தார்கள், நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன், அழுதுகொண்டே. அவள் பிறகு வரவேயில்லை.

இப்போது பாதை இல்லை, பாலம் வந்துவிட்டது. சேர் இல்லை, விறாந்தையும் இல்லை. கேடயம் மட்டும் அதிபர் அறைக் கண்ணாடி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. போன வருஷம் பாலத்தைக் கடந்து சுபைதாவின் வீட்டுக்குப் போனேன். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம், அந்தக் கணக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், விடையும் ஞாபகம்" என்று சிரித்தாள். சொல்லு என்றேன்.

"சொல்லமாட்டன் புள்ள. முதல்ல அந்தப் பலகையக் கொண்டா."