தண்ணீர்ப்பானை மூடி

எல்லோரும் சீடிக்கு மாறிவிட்ட இந்தக் காலத்தில், நான் குடியேறிய வெளிநாட்டு நகரின் செயின்ட்-மிஷேல் பழைய சாமான் சந்தையில் இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் கை அப்படியே நின்றது. ஒரு தட்டின் நடுவே, மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு கறுப்புச் சேவல். மன்னாரில் எங்கள் தண்ணீர்ப்பானையை மூடியிருந்த தட்டு இதேதான்!

சித்தப்பா கொழும்பில் வேலை செய்தபோது கொண்டுவந்தது. போட்டுக் கேட்க வீட்டில் கிராமபோன் கிடையாது. அந்தத் தட்டைத் தூக்கித்தான் தினமும் தண்ணீர் அள்ளினோம்; ஈரமண் வாசம் குப்பென்று முகத்தில் அடிக்கும்.

கிணற்றடியில் குளிக்கும்போது சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டு இங்கிலீசில் ஏதோ பாடுவார். நடுநடுவே குரல் உடைந்து துள்ளும். உடனே குசினிக்குள்ளிருந்து அம்மா கத்துவார்: "சித்தப்பாவுக்கு விக்குது, ஓடிப்போய்த் தண்ணி குடு!"

செம்போடு ஓடுவேன். வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரிப்பார். அதோடு பாட்டு நின்றுவிடும்.

சந்தைக்காரர் தட்டைச் சுழலவிட்டார். ராக்கபிலி என்ற பழைய அமெரிக்கத் துள்ளல் பாட்டு வகையாம்; கொழும்பில் பதிவானதாம். அதிலிருந்த வெள்ளைக்காரப் பெயர் புனைபெயராம். பாடியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாதாம். கித்தார் அதிர்ந்தது. முதல் வரியிலேயே குரல் உடைந்து துள்ளியது.

செத்துப்போன என் சித்தப்பா பாடிக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை சொல்லவில்லையே மனிதர்! தன் குரலை வைத்து நாங்கள் பானை மூடுவதைப் பார்த்துக்கொண்டா இருந்தார்?

பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள். "அப்பா, இவருக்கு விக்குது."

"இல்லையம்மா," என்றேன். "பாடுறார்."